பப்பாதி அண்ணாச்சி

நான் திருவனந்தபுரத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பட்டணத்திலேயே பெரிய வயிறு யாருக்கு என்று கேட்டால் ஆரியசாலைத் தெருவில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து ஒரு முழுப் புட்டு கேட்டு வாங்காத மனிதர் யார் என்று கேட்டாலும் அதே ஆளைத்தான் காட்டுவார்கள். அவர்தான் பப்பாதி அண்ணாச்சி.

தாய் தகப்பன் வைத்த பெயர் என்ன என்பது எனக்குத் தெரியாது. இரண்டரை வருஷம் தினந்தோறும் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். படுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். ஆரியசாலையில் ஒரு பருப்பு மண்டியில் தராசு பிடிப்பது உத்தியோகம். ஆறடி உயரம், நிலைப்படியை அடைக்கிற உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் எப்போதும் சாக்குத் தைக்கிற சணல் நூல் ஒரு சுருள். அந்த நூல் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் குடியிருந்த சந்து சாலைக் கடைத்தெருவில் போய்ச் சேரும் மூலையில் ஒரு நாயரின் சாயக்கடை இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு நீள மேஜை, பழக்குலை, ஆவி பறக்கும் புட்டுப் பானை. மூங்கில் குழலில் தேங்காய்த் துருவலும் அரிசி மாவும் மாற்றி மாற்றிப் போட்டுப் பானையின் வாயில் நிறுத்தி அவிப்பார். அந்தக் குழல் நிறைய வருவதுதான் ஒரு குற்றி. பசித்த ஆண்பிள்ளை ஒரு குற்றி சாப்பிடுவான். காய்ச்சல்காரனுக்கும் கல்யாணத்துக்குப் போகிறவனுக்கும் அரைக் குற்றி போதும். ஆனால் நாயருக்கு ஒரு கொள்கை. ஆறிப்போன புட்டை மனுஷனுக்குப் போடக் கூடாது. ஆகையால் அரை கேட்டவன், மறு அரை கேட்டு இன்னொருவன் வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு முன் குழலிலிருந்து புட்டைத் தள்ள மாட்டார்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து எல்லோரும் முழுக் குற்றியே கேட்பார்கள். அண்ணாச்சி மட்டும் உள்ளே நுழையும்போதே, "நாயரே, அரை!" என்பார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வண்டிக்காரன், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன், வழக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறவன் என்று யார் போனாலும் குரல் கொடுப்பார்.

"ஓய், மறுபாதிக்கு வாரீரா?"

ஆள் சிக்கியதும் நாயர் புட்டைத் தள்ளுவார். அண்ணாச்சி மடியிலிருந்து சணல் நூலை எடுத்து, நட்டநடுவில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். கத்தி வைத்தால் புட்டு உதிருமாம். இரண்டு துண்டையும் உள்ளங்கைகளில் ஏந்திக் கண்ணை மூடி எடை பார்ப்பார். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் அதிலிருந்து ஒரு கிள்ளுத் தேங்காய் எடுத்து மறுபக்கம் வைப்பார். அப்புறம், "உமக்கு எது வேணும்? எடுத்துக்கிடும்" என்பார். வந்தவர்தான் முதலில் எடுக்க வேண்டும். இலையில் பொதிந்து கொண்டுபோகக் கூடாது. அண்ணாச்சி சாப்பிட்டு முடிப்பதற்குள் எழுந்திருக்கக் கூடாது. சட்டதிட்டங்கள் இவ்வளவுதான்.

அந்த அரை அவருடைய வயிற்றின் எந்த மூலைக்குக் காணும்? சாப்பிட்டவர் கை கழுவப் போனதும், "நாயரே, இன்னொரு அரை!" என்று மறுபடி தெருவைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். ஒரு காலைப் பொழுதில் இப்படி நாலு அரை, நாலு வேறு ஆட்களோடு.

நாயர் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணாச்சி, நாலு அரைன்னா ரெண்டு முழு அல்லே? ஒந்நிச்சு வாங்கித் தின்னிட்டுப் போனா எந்தா குறைச்சல்?"

"கணக்கு மண்டியில பாக்கேன்லா வே? இங்க சாப்பிட வாரேன்."

கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள். அது சுத்தப் பொய். ஒரு விஷு அன்று நாயர் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் இனாமாக ஆளுக்கொரு முழுக் குற்றி வைத்தார். எல்லோரும் வாழ்த்திக்கொண்டே சாப்பிட்டோம். அண்ணாச்சி தம் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இலையோடு தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு மாட்டு வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, வண்டிக்காரனை இறங்கச் சொன்னார்.

"ஓய், காளை நிக்காது, வழிய விடும்!"

"காளைக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். இறங்கும்!"

வண்டிக்காரன் இறங்கி, அண்ணாச்சி புட்டை நூல் போட்டு அறுத்து, எடை பார்த்து, இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் சாலைக் கடைத்தெருவில் பதினெட்டு வண்டி நின்றது. நான் எண்ணினேன்.

கோட்டைப் பக்கத்துக் காப்பி கிளப்புகளுக்கு மட்டும் அவர் போகவே மாட்டார். அங்கே உள்கட்டில் ஒரு சாதி, வெளிக்கட்டில் மற்ற சாதி என்று சுவர் வைத்திருந்த காலம் அது. "சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குப் பாதிய எப்படிவே நீட்டது?" என்பார். நாயர் கடையில் அவர் யாரையும் என்ன சாதி என்று கேட்டதில்லை, என்ன பெயர் என்றுகூடக் கேட்டதில்லை. பசிக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

நான் சிக்கிய கதையைச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து வந்து சர்க்கார் ரிக்கார்டுப் பிரிவில் சேர்ந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. தங்கியிருந்த அறையில் ஒரு சாண் ஜன்னல். ஆபீசில் பழைய காகிதக் கட்டுகளுக்கும் எனக்கும் நடுவே வேறு உயிர் கிடையாது. அந்தப் பதினைந்து நாளில் நான் வாய் திறந்து சொன்ன வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "ஆமா சார்", "இல்லை சார்", "ஒரு சாயை". பதினாறாம் நாள் காலை நாயர் கடைக்குள் நுழைந்து, "ஒரு குற்றி" என்று நாலாவது வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு பெரிய கை என் தோளில் விழுந்தது.

"தம்பி, மெலிஞ்ச உடம்பு. ஒனக்கு எதுக்கு முழுசு? பப்பாதி போட்டுக்கிடுவோம், உக்காரு."

உட்கார்ந்தேன். எந்த ஊர், அம்மா இருக்கிறாளா, ராத்திரி தூக்கம் வருகிறதா, தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். வெளியே வந்தபோது தொண்டை வலித்தது. அவ்வளவு பேசியிருந்தேன். மறுநாளிலிருந்து அவருடைய நாலு அரையில் முதல் அரைக்கு நான் நிரந்தர உத்தியோகஸ்தன்.

எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு சிக்கியதுதான் பெரிய கூத்து. கோட்டைக்குள் அக்கிரகாரத்து மனிதர். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஆபீசே நடுங்கும். ஒரு காலையில் நானும் அண்ணாச்சியும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் உருவம் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து, நாயரின் காதருகே போய், "அரைக் குற்றி" என்றது. வீட்டிலும் போய்ச் சாப்பிட்டாக வேண்டுமே, பாவம், அதனால் அரை.

ஆயுளில் முதல் தடவையாக ஒருவர் தாமாக அரை கேட்டதைக் கேட்டு அண்ணாச்சி துள்ளி எழுந்தார்.

"நாயரே! மறுபாதி தானா நடந்து வந்திருக்குவே!"

அந்தச் சத்தம் கிள்ளிப்பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். உருவம், "ஓய், மெள்ளப் பேசுமேன்! நாலு பேர் பார்த்தா என்னவாறது?" என்று துண்டை இழுத்தது. இழுத்த வேகத்தில் துண்டு அவிழ்ந்தது. சூப்பிரண்டும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நீயா?" என்றார்.

"நானில்லை, சார்" என்றேன்.

"நானும் இல்லை" என்றார் அவர். பிறகு உட்கார்ந்து, அண்ணாச்சியோடு பாதிப் புட்டு, பாதிப் பழம், பாதிப் பப்படம் எல்லாம் முறைப்படி சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆபீசில் அவர் என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு நான்தான் கெடுதல் செய்தேன். நல்லது என்று நினைத்துச் செய்தேன். கெடுதல்கள் பாதிக்கு மேல் அப்படித்தான் நடக்கின்றன.

அந்த வருஷம், வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ரிக்கார்டு அறை ஒழுகியது. காகிதக் கட்டுகளை இடம் மாற்ற எங்களை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் நான் நாயர் கடைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் ஏதோ காரியமாகப் பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் போனேன். தெருவில் ஒரு காக்கை இல்லை. அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வெறும் இலை. ஆறு மணியிலிருந்து அப்படியே இருக்கிறாராம்.

"ஞான் கூட இரிக்காம், ஞான் கழிக்காம்னு நூறு தவண சொல்லியாச்சு, சாரே" என்றார் நாயர். நானே உம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று நாயர் கெஞ்சியிருக்கிறார். "அதுக்கு இயாள் சொல்லுதார், கடைக்காரன் சாப்பிட்டா அது சாப்பாடில்ல, ருசி பாக்கதாம்!"

அன்று நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அண்ணாச்சி இலையில் ஒட்டிய துருவலைக்கூட விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பசி, பாவம், பசி என்று எனக்குத் தோன்றிவிட்டது. வயிறு பெரிதாகி, வாய் அரைக்கு மேல் கேட்கத் தெரியாமல், இந்த மனிதர் காத்திருந்து காத்திருந்தே செத்துப்போவார் என்று பயந்தேன். ரிக்கார்டுக் குமாஸ்தாவின் மூளை அன்று ராத்திரி முழுவதும் வேலை செய்தது. எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு அம்மா சிரட்டையில் புட்டு அவிப்பாள். தேங்காய்ச் சிரட்டையை வழவழவென்று தேய்த்து, கண்ணைத் துளைத்து, மாவு நிரப்பி ஆவியில் வைத்தால் சரியாக அரைக் குற்றி அளவு வரும். ஒரு ஆளுக்கு ஒரு சிரட்டை. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

நாயரிடம் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்றே நாளில் ஆறு சிரட்டை தயார்.

முதல் நாள் வேடிக்கை பார்க்க நானும் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி நுழைந்து, "நாயரே, அரை!" என்று சொல்லித் தெருப்பக்கம் திரும்பினார். திரும்பி முடிப்பதற்குள் இலையில் விழுந்தது, தலையில் தேங்காயோடு வெள்ளை வெளேரென்று.

"இது என்னது?"

"சிரட்டைப் புட்டு! ஒராளுக்கு உள்ளது. இனி ஆரெயும் காத்திரிக்க வேண்டா, கேட்டோ!"

அண்ணாச்சி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் இலையிலும் ஒரு சிரட்டைப் புட்டு இருந்தது. நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மடியிலிருந்து நூலை எடுத்தார். எடுத்துவிட்டு, மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒன்று மட்டும் சாப்பிட்டார். இரண்டாவது கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்.

கடை அமோகமாக நடந்தது. வருகிறவன் ஒரு சிரட்டை வாங்குவான், நாலு வாயில் முடிப்பான், போய்விடுவான். நானும் சௌகரியமாகப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் பத்திரிகையை மடித்தபோது திடீரென்று உறைத்தது, அந்த ஒரு வாரத்தில் நான் பேசியது மறுபடியும் அந்த மூன்றே வார்த்தைகள்தான். எனக்குப் பல்வலி. வலிக்கிறது என்று சொல்ல அந்தப் பட்டணத்தில் ஓர் ஆள் இல்லை. சர்க்கார் கட்டிடங்களும் கோயில் கோபுரமும் மகாராஜாவின் குதிரைகளும் உள்ள அவ்வளவு பெரிய பட்டணத்தில், என் பல்லைப் பற்றி விசாரிக்கக்கூடியவராக இருந்தவர் ஒரே மனிதர். அவரைத்தான் நான் மூளையைச் செலவழித்துத் துரத்தியிருந்தேன்.

மண்டியில் விசாரித்தேன். காலையில் கிள்ளிப்பாலத்துக் கஞ்சிக்கடைக்குப் போகிறார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். சுமட்டுக்காரர்கள் பலாவிலையை மடக்கிக் கஞ்சி கோரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி ஆளுக்கொரு சட்டி. அதைப் பாதியாக்க வழியில்லை. அண்ணாச்சி ஒரு பப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சுமட்டுக்காரரோடு மன்றாடிக்கொண்டிருந்தார்.

"எனிக்கு ஒந்நு உண்டல்லோ அண்ணாச்சி! ஒங்க பப்படத்தில பாதி எனிக்கெதுக்கு?"

"ஒம்ம பப்படத்தில பாதிய எனக்குத் தாரும். சரியாப் போச்சுல்லா?"

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒந்நு ஒந்நுதானே!"

அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சட்டியோடு நகர்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி கையிலிருந்த பப்படத்தை உடைக்காமல் கஞ்சியில் போட்டார். அது ஊறி அமுங்கியது. நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, அந்தச் சிரட்டை நான் சொன்ன யோசனை."

"தெரியும். நாயர் சொன்னான்."

"உங்களுக்குப் பசிக்குமேன்னு..."

"பசிக்குதுன்னு நெனச்சே. நல்லதுதானே நெனச்சே?" கொஞ்ச நேரம் கஞ்சியைக் கிளறினார். "தனியாச் சாப்பிட்டா எறங்க மாட்டேங்கு, தம்பி. இங்கன தொண்டையில நிக்கி. வைத்தியருட்ட காட்டியாச்சு. அதுக்கு மருந்தில்லையாம்."

"ஊர்ல யாரும் இல்லையா?"

"வீடு இருக்கு" என்றார். "பூட்டியிருக்கு."

அழாமலிருக்கப் பல்வலியைப் பற்றிச் சொன்னேன். கிராம்பு வைக்கச் சொன்னார்.

திரும்பி வந்து நாயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாயர் அண்ணாச்சி உட்காரும் இடத்தைத் துடைத்தார். அவ்வளவு வியாபாரத்திலும் அவருக்கும் கடை வெறிச்சென்றுதான் இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். மறுநாள் காலை நான் போனபோது புட்டுப் பானைக்கடியில் தீ ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஆறு சிரட்டையும் அடுப்புக்குள்.

"சிரட்டை நல்லா கத்தும், சாரே" என்றார் நாயர். எரிகிறதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "பின்ன எதுக்கு அது?"

நான் மண்டிக்கு ஓடினேன். "அண்ணாச்சி, நாயர் கடையில சிரட்டை எல்லாம் எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சுதா, எரிச்சானா?"

"எரிஞ்சுது."

அண்ணாச்சி தராசை இறக்கி வைத்தார். "சரி, வா. பசிக்கி."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எல்லாம் பழையபடி நடந்தது. பிறகு என்னை ஆலப்புழைக்கு மாற்றினார்கள். கடைசி நாள் சாப்பிடும்போது சொன்னேன். "அங்க புட்டு கிடைக்கும்லா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். "அப்ப சரி." நூலைப் போட்டு அறுத்தார். எடை பார்த்தார். எது வேண்டும் என்று கேட்கவில்லை, ஒன்றை என் இலையில் வைத்தார். அது பெரிய பாதி. குழந்தைகூடச் சொல்லிவிடும், அவ்வளவு பெரிது. தராசு பிடிக்கிற அந்தக் கை தப்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆலப்புழையில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவனாகத் திரும்பவும் ஆனேன். ஒன்றரை மாதம் கழித்து ஓர் அஞ்சல் கார்டு வந்தது. அந்தக் காலத்தில் இரட்டைக் கார்டு என்று ஒன்று உண்டு. இரண்டு கார்டுகள் ஒட்டினாற்போல இருக்கும். ஒன்றில் நாம் எழுதி அனுப்பினால், கிடைத்தவர் மற்றதில் பதில் எழுதிக் கிழித்துத் திருப்பி அனுப்பலாம். அண்ணாச்சி சூப்பிரண்டைப் பிடித்து என் பெயரையும் விலாசத்தையும் வாங்கியிருக்கிறார். பருப்பு மூட்டையில் எழுதுகிற பெரிய பெரிய எழுத்து.

"சுகம். நாயர் சுகம். உன் இடத்துக்கு ஒரு கோர்ட்டுச் சேவகர் வருகிறார். தேங்காயை முதலிலேயே தின்றுவிடுகிறார், திருத்தி வருகிறேன். பல் எப்படி? அங்கே யாரோடு சாப்பிடுகிறாய்? மறுபாதியில் எழுதவும்."

யாரோடும் இல்லை என்று எழுதினால் அந்த மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பொய் எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மறுநாள் காலை ஆலப்புழைச் சாயக்கடையில் போய் உட்கார்ந்து, "அரை" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தேன். முதல் நாள் யாரையும் கூப்பிடக் குரல் வரவில்லை. இரண்டாம் நாள் கூப்பிட்டவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து நடையை வேகமாக்கினார். மூன்றாம் நாள் மழை. பசியோடு ஆபீசுக்குப் போனேன். நாலு, ஐந்து, ஆறு என்று நாள் போயிற்று. அண்ணாச்சி இதை எத்தனை வருஷமாகச் செய்துவந்தார் என்று நினைத்தபோதெல்லாம் எனக்குத் துக்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள், கயிற்றுத் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு வயதான ஆள் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆவட்டே" என்று வந்து உட்கார்ந்தார். பேசவே இல்லை. ஆனால் நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவர் எதிரே இருக்கும்போதே கார்டை எடுத்து, "ஆள் கிடைத்துவிட்டார், அண்ணாச்சி" என்று எழுதினேன். பல்லைப் பற்றியும் எழுதினேன். கோட்டோடு கிழித்து, போகிற வழியிலேயே பெட்டியில் போட்டேன்.

அவர் எழுதிய பாதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் இப்போது இருக்கிறாரா என்று அந்தப் பக்கம் போகிற யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.